காய்ந்த கையும் ஈரச் சட்டையும்

அவன் தொட்ட இரும்பு மூன்றாம் நாள் துருப்பிடிக்கும். சூனியம், சாபம் என்று யாரும் கதை கட்ட வேண்டியதில்லை. உள்ளங்கை வேர்வைதான் காரணம். வெயிலில் நின்றால் எல்லோருக்கும் வேர்க்கும், அது வேறு. இவனுக்குக் குளிர்காலக் காலையில் போர்வைக்குள் கிடக்கும்போதே கை ஊற்றெடுக்கும். விரல் நுனியில் முத்து முத்தாகக் கட்டி, மணிக்கட்டு வழியாக இறங்கி, முழங்கையில் வந்து சொட்டும். பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் துருக்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பரீட்சை எழுதும்போது கைக்குட்டையை மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுதினான். ஏழாம் வகுப்பில் விடைத்தாள் கிழிந்து, வாத்தியார் அதைத் தூக்கிக் காட்டி, "இதைத் திருத்தவா, காயப்போடவா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அதற்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை. லேத்துப் பட்டறையில் சேர்ந்துவிட்டான்.

கல்யாணம் பேசியபோது, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருமுறை தனியே பேசிக்கொள்ளட்டும் என்று இரண்டு பேரையும் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு வீட்டார் வெளியே நின்றார்கள். அவன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டவன் வெளியே எடுக்கவே இல்லை. டீ ஆறியது. அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். காலர் கோணலா, பட்டன் சரியா என்று நாளைக்கு எண்ணூறு சட்டை பார்க்கிற கண். சும்மா விடுமா?

"பாக்கெட்ல என்ன, எலிக்குட்டியா வச்சிருக்கீங்க?"

அவன் கையை எடுத்து மேஜைமேல் வைத்தான். மேஜையில் ஐந்து விரலும் அச்சாக விழுந்தது. அவள் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தில் திரும்பவும் பூத்தது.

"இதுக்கா இவ்வளவு நேரம்? டீயக் குடிங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அவளைக் கட்டிக்கொண்டான் என்று பின்னாளில் சொல்லுவான்.

வீட்டில் அந்தக் கை ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பட்டறையில்தான் அது அவன் தலையெழுத்தையே மாற்றியது. நாற்பது பேர் வேலை செய்யும் இடம். பெரிய பம்புகளுக்குள் சுழலும் தண்டுகளைக் கடைந்து, தேய்த்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு மினுக்கி அனுப்புவார்கள். அந்த மினுக்கின இரும்புக்கு வேர்வை ஆகாது. வேர்வையில் உப்பு இருக்கிறது. ஒரு விரல் பட்டால் போதும், மூன்று நாளில் பழுப்பாக ரேகை எழும்பி வரும். அவன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு பெட்டித் தண்டு திரும்பி வந்தது. திறந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பெருவிரல், குறுக்கே தழும்போடு. போர்மேன் ஒரு தண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாக நடந்து வந்து அவன் முன்னால் நின்றார்.

"கட்டை விரலைக் காட்டு."

காட்டினான்.

"திருடப் போயிடாதய்யா. முதல் நாளே மாட்டிக்குவ."

அன்றோடு நல்ல வேலை போயிற்று. கடைசி வரிசையில், சுவர் ஓரம், பழைய லேத்து ஒன்றில் போட்டார்கள். வார்ப்பிலிருந்து வரும் கரடுமுரடான இரும்புக்கு மேல்தோல் உரிக்கிற வேலை. அதில் துரு பிடித்தால் யாருக்கு என்ன? பதினாறு வருஷம் தோல் உரித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பட்டறையிலேயே கூர்மையான கண்ணும் காதும் அவனுக்குத்தான். நாலு மெஷின் தள்ளி ஒருவன் கடையும் சத்தத்தைக் கேட்டே, "உளி மழுங்கிடுச்சு, மாத்தச் சொல்லு" என்பான். சரியாக இருக்கும். தண்டு எங்கேயாவது தகராறு செய்தால் போர்மேன் அவனைத்தான் கூப்பிடுவார்.

"துருக்கை, வா. கையைப் பின்னால கட்டிக்கிட்டு வா."

தண்டனை வாங்கின பையன் மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்து பார்ப்பான். "இடது பக்கத்துலேர்ந்து நாலு விரல்கடை தள்ளி ஒரு தொந்தி இருக்கு" என்பான். அளந்தால் இருக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்திருக்கும். ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

பட்டறையின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை உண்டு. அளவு அறை. வெயில் காலம், மழைக் காலம் என்று இல்லாமல் எப்போதும் இருபது டிகிரியில் வைத்திருப்பார்கள். நடுவில் கட்டில் அளவுக்கு ஓர் இரும்புப் பலகை. உலகத்தில் அதைவிடச் சமமான இடம் அவன் பார்த்ததில்லை. முடித்த தண்டுகளை அதன்மேல் வைத்து, தலைமுடியை நெடுக இருபதாகக் கிழித்தால் வரும் கீற்றளவு பிசகையும் கண்டுபிடிப்பார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் வேலையை விட்டு மகளோடு வெளியூர் போவதாக இருந்தார். அந்த நாற்காலிக்கு யார் என்பது பட்டறை முழுக்கப் பேச்சு.

போர்மேன் ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் கண்ணு எனக்கு வேணும்யா. கைதான் வேணாம்."

"தனியாக் கழட்டித் தர முடியாதே சார்."

"சிரிக்காத. இப்ப என்னென்னவோ ஆபரேஷன் எல்லாம் வந்திருக்குன்னு சொல்றாங்க. விசாரிச்சுப் பாரு. மூணு மாசம் அந்த நாற்காலியக் காலியா வச்சிருக்கேன். அதுக்கு மேல முதலாளி கேப்பாரு."

பதினாறு வருஷத்தில் அவனிடம் யாரும் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை.

செய்யாத வைத்தியம் இல்லை. துணிக் கையுறை போட்டால் பத்து நிமிஷத்தில் பிழியலாம். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரம்பி விரல் ஊறிப்போகும். களிம்பு தடவி எரிந்தது. மாத்திரை தின்று வாய் காய்ந்ததே தவிரக் கை காயவில்லை. தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மின்சாரம் விட்டார்கள். விடுகிற வரைக்கும் கொஞ்சம் குறைந்தது, நிறுத்தினதும் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. கடைசியில் மைத்துனன்தான் ஓர் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தான். மைத்துனன் எலக்ட்ரீஷியன். உலகத்தில் உள்ள எல்லாச் சிக்கலும் வயர் சிக்கல்தான் என்பது அவன் கட்சி.

"மாமா, சிம்பிள். கைக்கு ஒரு லைன் போகுது. அதைக் கட் பண்ணிட்டா மோட்டார் நின்னுடும். பெரிய கிழிசல் எல்லாம் இல்ல. அக்குள்ல ரெண்டு ஓட்டை, உள்ள கேமரா விட்டுப் பாத்து பண்றாங்க."

"நீ வயரிங் பண்ணின வீட்டுல ஃபேன் சுவிட்சைப் போட்டா லைட்டு எரியுது" என்றாள் அவன் அக்கா, இவன் மனைவி, அடுப்படியிலிருந்து. "பேச வந்துட்டான்."

ஆஸ்பத்திரியில், ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்கள். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிற ஓவியர். பிரஷ் வழுக்குகிறது என்று செய்துகொண்டவராம். துருக்கை அவரைப் போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, கை எப்படி இருக்கு?"

"கையா?" என்றார் ஓவியர். "கை காஞ்சிடுச்சு."

"நல்லாவா?"

"சுத்தமா. ஒரு சொட்டு இல்ல."

அவன் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைச் சட்டையில் துடைத்தான். அந்தப் பக்கம் ஓவியர் போனை வைக்காமல் காத்திருந்தார்.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"இல்லண்ணே. இது போதும்."

"சரி" என்று சொல்லி இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வைத்தார். அந்தக் கொஞ்ச நேரம் எதற்கு என்று அன்று இவன் யோசிக்கவில்லை. அளவில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடிக்கிறவன் அதைக் கோட்டை விட்டான்.

டாக்டர் அவசரப்படாமல் பேசுகிற ஆள். குறை சொல்லக்கூடாது. காகிதத்தில் படம் போட்டே காட்டினார். முதுகெலும்பு ஓரமாக, மணி கோத்த மாதிரி ஒரு நரம்பு இறங்குகிறது. கைக்குப் போகிற வேர்வைக் கட்டளை அதன் வழியாகத்தான். நுரையீரலைக் கொஞ்ச நேரம் சுருக்கி வைத்துவிட்டு, அந்த நரம்பை ஒரு விலா எலும்புக்கு மேல் பிடித்து நிறுத்திவிடுவது. இடது பக்கம் முடித்து வலது பக்கம்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க" என்றார் டாக்டர். "கையில நிக்கிற வேர்வை வேற இடத்துல கூடலாம். முதுகு, வயிறு, தொடை. நிறையப் பேருக்குக் கொஞ்சமா வரும். சிலருக்கு அதிகமா வரும். யாருக்கு எப்படின்னு முன்னாடியே சொல்ல முடியாது."

"முதுகால நான் வேலை செய்யலையே சார்" என்றான்.

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு விதமாப் பண்ணலாம். சின்னக் கிளிப்பு போட்டு நரம்பை இறுக்கி வைக்கலாம். இல்ல, வெட்டிடலாம். கிளிப்புன்னா, பின்னால உங்களுக்கு ஒத்துக்கலைன்னா சீக்கிரமா வந்து எடுத்துப் பாக்கலாம். எடுத்தா நரம்பு பழையபடி வேலை செய்யும்னு உறுதி சொல்ல மாட்டேன். ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். வெட்டிட்டா அந்த வாய்ப்பும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? லேத்துக்காரனிடம் போய் இடுக்கியை நம்பு என்றால் நம்புவானா? சுழலும்போது இறுக்கிப் பிடித்த பிடி தளர்ந்து, தண்டு பறந்து போய் ஒருத்தன் தாடையைப் பெயர்த்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன். பட்டறையில் ஒரு சொல் உண்டு: பிடித்தது ஒருநாள் விடும். அளவு அறையில் உட்கார்ந்த பிறகு, ஐந்தாம் வருஷமோ ஆறாம் வருஷமோ, கிளிப்பு நழுவி, பலகைமேல் கை வைத்திருக்கும்போது வேர்த்தால்? கூட வந்திருந்த மைத்துனனைத் திரும்பிப் பார்த்தான்.

"ஜாயின்ட் போட்ட வயர் என்னைக்காவது லூஸ் ஆகும் மாமா" என்றான் அவன்.

"வெட்டிடுங்க சார்."

"வீட்டுல கேட்டுக்கிட்டு…"

"வெட்டிடுங்க."

சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான். மை பரவி, பெயர் ஒரு நீலக் குட்டையாயிற்று. இன்னொரு காகிதம் கொடுத்தார்கள். கைக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பு மாதிரி, பார்த்துப் பார்த்து எழுதினான்.

கண் விழித்தபோது மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் கத்தி வைத்தது போலக் குத்தியது. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் போர்வைக்கு வெளியே எடுத்துப் பார்த்தான். கதகதவென்று, யாரோ இரவல் கொடுத்த கை மாதிரி இருந்தது. ஒன்றோடொன்று தேய்த்தான். காய்ந்த இலை சரசரக்கிற சத்தம். முப்பத்திரண்டு வருஷத்தில் தன் கையில் அவன் கேட்காத சத்தம். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னத்தைத் தொட்டான்.

"சொரசொரன்னு இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ஒரு தீப்பெட்டி முழுவதையும் குச்சி குச்சியாகக் கொளுத்தித் தீர்த்தான். ஒன்றுகூட நமுக்கவில்லை. பத்து வயது மகள் தன் நோட்டுகளை அவன் கையில் கொடுத்ததே இல்லை. காட்ட வேண்டுமென்றால் தானே பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்று ஏழு நோட்டுக்கும் அவனே அட்டை போட்டான். ஒவ்வொன்றும் முடித்ததும் அவள் எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து அடுக்கினாள்.

மூன்று வாரத்தில் அளவு அறைக்குப் போனான். போர்மேன் சாவியைக் கொடுத்துவிட்டு, "கையை முன்னாலயே வச்சுக்கலாம், இனிமே" என்றார். முதல் வேலையாக அவன் ஒரு மினுக்கின இரும்புத் துண்டை எடுத்து, தழும்பு விழுந்த பெருவிரலை அழுத்தி வைத்தான். தேதி எழுதி அலமாரியில் போட்டான். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏழாம் நாளும் பார்த்தான். அன்று மத்தியானம் பட்டறைக்கே தேநீர் வாங்கிக் கொடுத்தான். யாரும் அவனைத் துருக்கை என்று கூப்பிடவில்லை. அவன் உண்மைப் பெயர் யாருக்கும் சட்டென்று நினைவு வராததால் "அளவு அறைக்காரர்" என்றார்கள். அந்த மரியாதை அவனுக்கு இரண்டு மாதம் கிடைத்தது.

முதலில் பஸ்ஸில்தான் தெரிந்தது. எழுந்தபோது இருக்கை நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். நெஞ்சுக்கு நடுவில் கோடு போட்ட மாதிரி, அதற்கு மேலே வறண்ட காடு, கீழே குளம். முகத்தில் ஒரு சொட்டு இல்லை, தலை மட்டும் அடுப்பு மாதிரி கொதிக்கும். முதுகிலும் வயிற்றிலும் குழாயைத் திறந்து விட்டது போல ஓடும். தொடை வழியாக இறங்கிச் செருப்பு நனையும். சாப்பிட்டால் வரும், படி ஏறினால் வரும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வரும்.

"மேல அடைச்சா கீழ ஒழுகுது" என்றாள் மனைவி, சட்டையைப் பிழிந்துகொண்டே. பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், உன் மோட்டார் நிக்கல. பைப்பை மட்டும் மாத்தி விட்டிருக்கு" என்றாள். மைத்துனன் அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கம் வரவில்லை.

அவள் கம்பெனியில் கழித்துப் போட்ட சட்டைகளைக் கொண்டுவர ஆரம்பித்தாள். ஒரு கை நீளம் ஒரு கை குட்டை, காலர் கோணல், பட்டன் துளை இல்லாதது என்று எல்லாம் வரும். காலையில் ஆறு சட்டையை மடித்துப் பையில் வைத்துக் கொடுப்பாள். சாயங்காலம் ஆறும் ஈர மூட்டையாகத் திரும்பி வரும். வீட்டுக்குள் கொடி கட்ட இடமில்லாமல் மகள் சட்டைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்தாள்.

"ஒரு வார்த்தை போர்மேன்கிட்ட சொல்லிடுங்களேன்" என்றாள் ஒருநாள்.

"என்னன்னு? கை சரியாயிடுச்சு, இப்ப உடம்பு துருப்பிடிக்குதுன்னா?"

அவன் சொல்லவில்லை. அந்த நாற்காலி போய்விடும் என்கிற பயம். இருபது டிகிரி அறையில் ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சட்டைக்கு உள்ளே வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போய் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வருவான். அடிக்கடி சட்டை மாறுவதைப் பார்த்து, "மாப்பிள்ளைக் கோலம்தான் போ" என்றார்கள். அவனும் சிரித்தான். சிரிக்க அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அந்தச் சனிக்கிழமை ஒரு நீளத் தண்டு வந்தது. திங்கட்கிழமை பம்பு கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து சோதிப்பதாக இருந்தது. தண்டின் அந்தக் கோடியில் அளவுக் கருவியின் முள் நகர்வதைப் பார்க்க, பலகையின் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துச் சாய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் சாய்ந்திருந்தான். தண்டில் பிசகு இல்லை. பிளாஸ்டிக் தாளின் கீழ் விளிம்பு எப்போதோ நெகிழ்ந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை.

வேலை முடிந்ததும் பலகையைத் துடைத்து எண்ணெய் பூசுவது முறை. முறை தவறவில்லை. ஆனால் எங்கே துடைத்தான் தெரியுமா? கை பட்ட இடத்தையெல்லாம் துடைத்தான். இங்கே ஊன்றினேன், அங்கே பிடித்தேன் என்று ஒவ்வொன்றாக நினைவு வைத்து, ஸ்பிரிட் போட்டு, மறுபடி துணி மாற்றி, விரல் பட்ட ஓர் இடத்தையும் விடாமல் துடைத்தான். இருபது வருஷப் பழக்கம். இரும்புக்கு எதிரி கை. அந்தக் கை ஓலை மாதிரி காய்ந்து கிடக்கிறது என்பது புத்திக்குத் தெரியும், பழக்கத்துக்குத் தெரியாது. வயிறு சாய்ந்த விளிம்பில் அவன் ஸ்பிரிட் போடவில்லை. உப்புத் தண்ணீருக்கு மேலேயே எண்ணெயைப் பூசி மூடிவிட்டு வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை காலையில் போர்மேன்தான் முதலில் அறையைத் திறந்தார். வந்தவர்கள் அவர் பின்னால் நின்றார்கள். பலகையின் விளிம்பில் பழுப்பாக ஒரு வயிறு. தொப்புள் இருந்த இடத்தில் ஒரு வட்டம், அதற்கு மேல் பட்டன்கள் வரிசையாக மூன்று. நாலாவது பட்டன் அந்தச் சட்டையில் கிடையாது. கழித்துப் போட்ட சட்டை.

வந்தவர்களில் ஒருவர், "இது என்ன படம்?" என்று கேட்டார்.

போர்மேன் அவர்களைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு இவனைக் கூப்பிட்டார். சத்தம் போடுவார் என்று நினைத்தான். போடவில்லை.

"சட்டையைத் தூக்கு."

தூக்கினான். பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டியது.

"எத்தனை நாளா?"

"ஆபரேஷன் முடிஞ்ச கொஞ்ச நாள்லேர்ந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உக்கார வச்சிருப்பீங்களா சார்?"

போர்மேன் பலகையைப் பார்த்தார். "மாட்டேன்" என்றார். "தலைவலி போயி திருகுவலி வந்த கதையாப் போச்சேய்யா."

துருவைச் சுரண்டிப் பலகையைத் திரும்பச் சமமாக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குத் தேவையான கண் பட்டறையில் ஒருவனுக்குத்தான் இருந்தது. ஆகவே அவனையே செய்யச் சொன்னார். நீல மை தடவி, மேலே ஒரு சமக்கட்டையைத் தேய்த்து, எங்கே மேடு என்று பார்த்து, உளியால் பொடிப் பொடியாகச் சுரண்ட வேண்டும். நாலு நாள் சுரண்டினான். வயிற்றில் இரண்டு துண்டைக் கட்டிக்கொண்டு, பலகையைத் தொடாமல் எட்டி நின்று, தன் தொப்புளைத் தானே இரும்பிலிருந்து எடுத்தான். காய்ந்த உள்ளங்கையில் உளி நழுவியது. முன்னாலெல்லாம் ஈரம் பிடித்துக்கொள்ளும். விரல் வெடித்து ரத்தம் வந்தது. முடித்தபோது போர்மேன் அளந்து பார்த்தார். பிசகு இல்லை.

"பட்டறையில இப்படி எவனும் பண்ண மாட்டான்" என்றார். பிறகு கையை நீட்டினார். குலுக்கத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து இவனும் நீட்டினான். அவர் சாவியைக் கேட்டார்.

டாக்டரிடம் போனான். அவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். வெகு நேரம் புரட்டினார்.

"கிளிப்பா இருந்திருந்தா, இப்பவே எடுத்துப் பாத்திருக்கலாம்."

"நான்தான் சார் வெட்டச் சொன்னேன்."

"ஆமா. எழுதியிருக்கேன்."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாய் காய்ந்தது. முதுகு காயவில்லை.

பழைய லேத்துக்கும் திரும்ப முடியவில்லை. சூட்டில் நின்றால் முகத்தில் வேர்வை இல்லாமல் தலை கொதித்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு முறை விழுந்தான். பெட்டி கட்டும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். மெழுகுத் தாளில் ஏற்கெனவே சுற்றி வந்த தண்டுகளை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடிக்கிற வேலை. மரத்துக்குத் துரு ஏது? மகள் ஒருநாள் கேட்டாளாம், "அப்பா, இப்ப உங்களை என்னன்னு கூப்பிடுறாங்க?" என்று. கொட்டகையில் அவன் ஒருத்தன்தான், கூப்பிட ஆள் இல்லை என்று சொன்னான்.

அங்கே இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் போன் வந்தது. தெரியாத நம்பர். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்றது குரல். முடி வெட்டுகிறவனாம். கத்தி வழுக்குகிறது, போன வாரம் ஒருத்தர் காதோரம் கீறிவிட்டது, முதலாளி இன்னொரு தரம் நடந்தால் வேண்டாம் என்கிறார்.

"அண்ணே, உங்களுக்குக் கை எப்படி இருக்கு?"

"கையா?" என்றான். சொன்ன பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்கே தெரிந்தது. பெயர்ப் பலகை எழுதுகிறவர் பேசின அதே மாதிரி. "கை காஞ்சிடுச்சு."

"அது போதும்ணே. ரொம்ப…"

"வைக்காதீங்க. உக்காந்திருக்கீங்களா? உக்காருங்க. கொஞ்ச நேரம் ஆகும்."

ஒரு பெட்டிமேல் தானும் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். பஸ் இருக்கை, ஆறு சட்டை, பிளாஸ்டிக் தாள், பலகையில் விழுந்த வயிறு, சாவி. கிளிப்பையும் வெட்டையும் இரண்டு தரம் சொன்னான். இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவன் யாரிடமும் பேசினதில்லை. முதுகில் ஓடினது பெட்டிப் பலகை வழியாக இறங்கி, தரை மரத்தூளில் கறுப்பாகப் பரவியது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டானோ என்று பார்த்தான். வைக்கவில்லை.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுண்ணே" என்றான் முடி வெட்டுகிறவன். கத்தரிக்கோல் சத்தம் பின்னால் கேட்டது. "எல்லாம் சரிண்ணே. ஆனா, கை காஞ்சிடுச்சுல்ல?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் அன்று ஓவியரும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தால், தானும் இதையேதான் கேட்டிருப்பான். மடிமேல் கிடந்த கையைப் பார்த்தான். வெடிப்பு விழுந்து, சாம்பல் பூத்து, ஏதோ மரச்சாமான் மாதிரி கிடந்தது.

"காஞ்சிடுச்சு" என்றான். "கிளிப்பு போடச் சொல்லுங்க. வெட்டச் சொல்லாதீங்க."

"கிளிப்பு நழுவாதாண்ணே?"

"நழுவினா நழுவட்டும்" என்றான்.

போனைச் சட்டைப் பையில் போட்டான். பை நனைந்திருந்ததால் திரும்ப எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தான். அன்றைக்கு ஐந்தாவது சட்டையை மாற்றிக்கொண்டு, அடுத்த பெட்டிக்கு ஆணி அடிக்கப் போனான்.